கோட்டுப் பையில் வந்த ரொட்டி

ஒன்டாரியோ,
டிசம்பர் முதல் வாரம்.

அன்புள்ள மரீகாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, பெரியப்பா, நான் மூன்று பேரும் உடம்பளவில் சுகம், மனசளவில் எப்படி என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்துகொள். நீயும் உன் கேலமும் அந்த அளவுக்காவது சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹோபார்ட்டில் கோடை தொடங்கியிருக்கும். இங்கே பனி விழுவதும் உருகுவதுமாக இருக்கிறது, முற்றம் முழுக்கச் சேறு, பால் வண்டி கேட்டுக்குப் பக்கத்தில் சிக்கிக்கொண்டு அப்பா டிராக்டரை வைத்து இழுக்க வேண்டியதாயிற்று. காதில் வெள்ளைப் புள்ளி இருந்த கிடாரி கன்று போட்டது, சிரமப்படவில்லை. உன் அறையைப் பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டோம் என்று போனில் சொன்னேன் அல்லவா, உன் புத்தகங்களைப் பெட்டிகளில் கட்டி மாடியில் வைத்திருக்கிறேன், எதையும் தூக்கிப் போடவில்லை, உன் பழைய பூட்ஸைத் தவிர. முதுகுவலிக்கு மாத்திரை மட்டும் போதாது, மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கு, நர்ஸுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும் சொல்கிறேன். இந்தப் பார்சலில் கம்பளிக் காலுறையும் மசாலா பிஸ்கட்டும் நிக்கலஸ் பண்டிகைச் சாக்லேட்டும் இருக்கின்றன. சாக்லேட் எழுத்தை இந்த வருடமும் பெரியப்பாதான் வாங்கினார். உன் பெயரின் முதல் எழுத்தான எம் கடையில் தீர்ந்துவிட்டதாம், அதனால் டபிள்யூ வாங்கி வந்திருக்கிறார், தலைகீழா வெச்சுத் தின்னச் சொல்லு, வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

போன வாரம் நீ அனுப்பிய செய்தியின் கடைசி வரியில், அப்பா இன்னும் கடவுளுக்குப் பயந்துகிட்டேதான் இருக்காரா என்று கேட்டிருந்தாய். விளையாட்டாகக் கேட்டாயா, உண்மையாகக் கேட்டாயா என்று தெரியவில்லை. உடனே ஒரு வரியில் பதில் அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன், அதுவும் சரியாக வரவில்லை. நவம்பர் திருவிருந்து ஞாயிறன்று இங்கே ஒன்று நடந்தது, அதைச் சொல்லாமல் உனக்குப் பதில் சொன்னால் அது பதிலாக இருக்காது. போனில் சொல்லலாம் என்றால், அப்பா பக்கத்திலேயே இருப்பார். ஆகவே எழுதுகிறேன்.

கேலமுக்கும் இதைப் படித்துக் காட்டுவாய், அவன் வளர்ந்த சபையில் திருவிருந்து என்றால் எல்லாரும் எழுந்து போவார்கள் என்று சொல்லியிருக்கிறாய், அதனால் நம் ஊர் வழக்கத்தைச் சுருக்கமாக அவனுக்காகச் சொல்லிவிடுகிறேன். நம் சபையில் வருடத்துக்கு நான்கு ஞாயிறு முன்னால் நீள மேசை போட்டு வெள்ளைத் துணி விரிப்பார்கள், ரொட்டித் தட்டும் வெள்ளிக் கிண்ணத்தில் திராட்சரசமும் வைப்பார்கள். கோயில் நிறைய ஆள் இருக்கும். எழுந்து போய் மேசையில் உட்காருகிறவர்கள் ஒரு கைப்பிடி, அதுவும் பெரும்பாலும் நரைத்த தலைகள். மற்றவர்களை யாரும் தடுப்பதில்லை. அவர்களுக்குப் பயம். தகுதியில்லாமல் அந்த ரொட்டியைத் தின்கிறவன் தன் தண்டனையைத் தானே வாயில் போட்டுக்கொள்கிறான் என்று கேட்டே வளர்ந்தவர்கள். தகுதி இருக்கிறதா என்று போதகரும் சொல்ல முடியாது, மூப்பர்களும் சொல்ல முடியாது, அவரவருக்கு உள்ளே ஒரு நிச்சயம் வர வேண்டும், வரும்வரை பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பலருக்கு அது வருவதற்குள் கல்லறைத் தோட்டத்தில் இடம் வந்துவிடுகிறது. அப்பாவும் பெரியப்பாவும் பதினெட்டு வயதிலேயே சபை முன்னால் நின்று விசுவாச அறிக்கை சொன்னவர்கள், சட்டப்படி மேசைக்குப் போகலாம். போனதே இல்லை. அவர்களுடைய அப்பாவும் போனதில்லை. எந்தச் சபையிலும் வளராதவளாய், மண்ணைப் பற்றிப் படித்த படிப்போடு, உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு இதைப் பார்த்து ஆச்சரியமாகக்கூட இல்லை, எரிச்சலாக இருந்தது. ஊரைக் கூட்டி விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலில் நாய் ஜாக்கிரதை என்று பலகை மாட்டியது போல எனக்குப் பட்டது. அந்த எண்ணத்தை இன்றும் நான் முழுதாக விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கிழவிக்கு மனமாற்றம் வந்துவிட்டது என்று நீ சந்தோஷப்படவோ பயப்படவோ செய்வாய்.

நீ ஹோபார்ட் போன முதல் வருடம், கேலமின் சபையில் திருவிருந்து எடுத்ததாக அப்பாவிடம் போனில் சொன்னாய். பக்கத்துல இருந்தவங்க எந்திரிச்சாங்க, நானும் எந்திரிச்சுப் போனேன்பா, ரொட்டி கொஞ்சம் காய்ஞ்சு போயிருந்துச்சு என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கும் கேட்டது. அவர் சரிம்மா என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனார். அதன்பிறகு உன்னோடு பேசும்போதெல்லாம் பால் விலை, மழை, உன் கார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அவர் உன்மேல் கோபமாக இருக்கிறார் என்று நீ நினைக்கிறாய், எனக்குத் தெரியும். கோபமாக இருந்திருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தில் உன் பெயர் வரும் இடத்தில் அவர் நிறுத்துவார், சூப் ஆறிப்போகும் அளவுக்கு நிறுத்துவார், பெரியப்பா ஒரு தடவை ஆமென் என்று சத்தமாக இருமிக் காட்டினார். அப்பா கணக்கில் நீ நெருப்பைத் தொட்டுவிட்டு, ஒன்றும் சுடவில்லையே என்று சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

இப்போது அந்த ஞாயிறு. பெரியப்பாவின் பார்க்கின்சன் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய், நடுக்கத்தைவிட மோசமானது கால் ஒட்டிக்கொள்வது. நன்றாக நடந்துகொண்டே இருப்பார், கதவு நிலையிலோ இரண்டு நாற்காலிக்கு நடுவிலோ வந்தால் தரையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவார். தள்ளினால் விழுவார். அதற்கு ஒரு வழியை அப்பா கண்டுபிடித்திருக்கிறார், அவருடைய பாதத்துக்கு முன்னால் நம் காலைக் குறுக்கே வைத்தால் தாண்டுவதற்காகத் தூக்குவார், தூக்கினால் நடை வந்துவிடும். வீட்டில் நாங்கள் மூவரும் நடப்பதை யாராவது பார்த்தால் ஒருவரை ஒருவர் தடுக்கிவிடுகிறோம் என்றுதான் நினைப்பார்கள். இது எங்களுக்கு மட்டும் தெரியும், ஊருக்குத் தெரியாது, தெரியக் கூடாது என்று பெரியப்பாவின் உத்தரவு.

பிரசங்கம் முடிந்தது. யாரெல்லாம் மேசைக்கு வரக் கூடாது என்று போதகர் நீளமாக எச்சரித்து முடித்தார், பிறகு அழைத்தார், ஆர்கன் தொடங்கியது, எல்லாரும் சங்கீதம் பாடப் பாட, வழக்கமாகப் போகிறவர்கள் வழக்கம்போல எழுந்தார்கள். அப்பா கோட்டுப் பையிலிருந்து பெப்பர்மின்ட் உருளையை எடுத்து எனக்கு ஒன்று கொடுத்து, தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டார். மேசைக்குப் போகிறவர்களை உட்கார்ந்து பார்க்கப்போகிற ஆளுக்கு அதுதானே வேலை. அந்த நேரத்தில் பெஞ்சின் ஓரத்தில் இருந்த பெரியப்பா எழுந்தார். தொப்பி மாட்டிய பெண்களின் தலைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. அவர் நடைபாதையில் இறங்கி முன்னால் நடந்தார், பாதி தூரம் நன்றாகவே போனார், முன்வரிசைப் பெஞ்சுகள் இரண்டு பக்கமும் நெருங்கும் இடத்தில் நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். ஆர்கன் வாசிப்பவர் கடைசி அடியை இன்னொரு தடவை வாசித்தார், அப்போதும் நின்றார். அங்கே இருந்த ஒவ்வொருவர் முகத்தையும் நான் பார்த்தேன், யாருக்கும் சந்தேகமே இல்லை. வாழ்நாள் முழுக்கப் பெஞ்சில் இருந்த ஒரு மனிதன் எழுந்து, பாதி வழியில் பயம் பிடித்து, கடவுளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறான் என்றே எடுத்துக்கொண்டார்கள். சிலர் தலையைக் குனிந்து அவருக்காக ஜெபிக்கவே தொடங்கிவிட்டார்கள். உதவிக்கு ஒருவர்கூட எழவில்லை, இரக்கமில்லாமல் அல்ல, மேசையை நோக்கிப் போகிற ஒரு ஆத்துமாவை முன்னாலோ பின்னாலோ தள்ளும் பாவத்தை யார் தலையில் போட்டுக்கொள்வது. போதகரும் கைகட்டிக் காத்திருந்தார். பெரியப்பாவுக்குக் கடவுளோடு அப்போது எந்தச் சண்டையும் இல்லை, கால் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பின்கழுத்து சிவந்துகொண்டே வந்தது.

அப்பா எழுந்தார். போய்த் தன் கறுப்பு ஷூவை அவருடைய பாதத்துக்குக் குறுக்கே வைத்தார். பெரியப்பா தாண்டினார். மறுபடி வைத்தார், மறுபடி தாண்டினார். அப்படியே மேசைவரைக்கும் போனார்கள். கோயிலில் இருந்தவர்களுக்கு அது அண்ணனும் தம்பியும் ஒன்றாக மேசைக்குப் போனதாகத்தான் தெரிந்தது. பெரியப்பாவை உட்காரவைத்துவிட்டு அப்பா திரும்பிவிடலாம், ஆனால் அண்ணனுடைய நடுங்கும் கையால் கிண்ணத்தைத் தூக்கினால் வெள்ளைத் துணி முழுவதும் ரசமாகிவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டு வந்தது. பெரியப்பாவுக்கு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தார். பிறகு, நான் கண்ணால் பார்த்தேன் மரீகா, இன்னொரு துண்டை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு தட்டை அடுத்தவருக்குக் கொடுத்தார். கிண்ணம் வந்தபோது அண்ணனுக்குக் குடிக்கவைத்தார், தான் தொடவில்லை. மூடிய கை மூடியபடியே கோட்டுப் பைக்குள் போனது.

வீட்டுக்கு வந்து காபி போட்டேன். சனிக்கிழமையே காய்ச்சி வைத்த பட்டாணி சூப்பைச் சூடுபண்ணினேன். அப்பா கோட்டைக் கழற்றி, பையிலிருந்து அந்த ரொட்டித் துண்டை எடுத்து, ஒரு சாசரில் வைத்து அலமாரியில் வைத்தார். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, டேய், என்னை விருந்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு நீ மட்டும் பார்சல் கட்டிக்கிட்டு வந்திருக்கியா என்றார். அப்பா சிரிக்கவில்லை. நான்தான் பெரியப்பாவிடம் கேட்டேன், இத்தனை வருஷமா போகாதவர் இன்னைக்கு எப்படிப் போனீங்க, நிச்சயம் வந்துருச்சா என்று. என்னை அவர் மண்ணு டாக்டர் என்றுதான் கூப்பிடுவார், உனக்குத் தெரியும். இல்ல மண்ணு டாக்டர், பயம் போனப்புறம் போகலாம்னு காத்துக்கிட்டிருந்தேன், இந்தக் கூத்தைப் பார், பயம் அப்படியே இருக்கு, கால்தான் போய்க்கிட்டிருக்கு, இன்னும் காத்திருந்தா சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டுப் போக ஆள் தேடணும் என்றார். அப்போ பயத்தோடயா சாப்பிட்டீங்க என்று அப்பா கேட்டார். ஆமா, வேற எதோட சாப்பிடுறது, அங்க வெண்ணெயா வெச்சிருந்தாங்க என்று சொல்லிவிட்டு சூப்புக்கு உப்பு கேட்டார்.

மூப்பர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்ததுதான், அந்த வாரமே வந்தார்கள், இரண்டு பேர். பேசியது டெக்கர், பெரியப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, நல்ல மனிதர், உருளைக்கிழங்கு போடுகிறார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தார். பெரியப்பாவிடம் அவர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தார், அவ்வளவுதான். பிறகு அப்பாவைப் பார்த்து, ஆரெண்ட், நீ மேசைக்கு விருந்தாளியா வந்தியா, உங்க அண்ணனுக்குத் துணையா வந்தியா என்றார். துணைக்குத்தான் என்றார் அப்பா. அப்போ ரொட்டியை ஏன் எடுத்தே. தட்டு வந்துச்சு, கையை நீட்டிட்டேன். எடுத்தவன் ஏன் சாப்பிடல. அப்பா மேசைவிரிப்பின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே, வாயில பெப்பர்மின்ட் இருந்துச்சு என்றார்.

டெக்கரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்போ விஷயம் தெளிவா இருக்குப்பா, மேசைக்குப் போற எண்ணம் இருக்கிறவன் அந்த நேரத்துல மிட்டாயைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டான், யாராவது கேட்டா நான் சொல்லிக்கிறேன், மார்ச் திருவிருந்துக்கு உங்க அண்ணன் தூனிஸுக்கு ஒத்தாசையா சபையிலேருந்து ஒரு டீக்கனை ஏற்பாடு பண்றேன், நீ நிம்மதியா பெஞ்சிலயே இருக்கலாம் என்றார். பெரியப்பா, விருந்துக்குக் கூப்பிட்டவர் வாயைத் தொறங்கன்னு சொல்லிப் பாத்தாரா என்ன, நீ மாட்டு டாக்டர் மாதிரி பேசறே டெக்கர் என்றார். நீ சும்மா இரு தூனிஸ், மேசைக்குப் போய் முழுசா ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள எங்களுக்கே பாடம் எடுக்கறியா என்று அவரும் சிரித்தார். கிளம்பும்போது நான் சாசரைக் காட்டி, இதை என்ன செய்யறது என்று கேட்டேன். மேசையை விட்டு வந்துட்டா அது வெறும் ரொட்டிதான் லெனோர், நம்ம போதனை அப்படித்தான், கோழிக்குப் போட்டுடுங்க என்றார். அப்போ போற வழியில நீங்களே போட்டுட்டுப் போங்க, கோழிக்கூடு உங்க வண்டிக்குப் பக்கத்துலதான் இருக்கு என்று நீட்டினேன். இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். உங்க கோழி, நீங்களே போடுங்க என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். வெறும் ரொட்டி என்று டெக்கருக்கும் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தெரியும், படித்த எனக்கும் தெரியும், அது அலமாரியில்தான் இருந்தது.

விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன், எனக்கும் நிம்மதியாகவே இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஊரில் கேட்டவர்களிடம் டெக்கர் சொல்லிவிட்டார், பெப்பர்மின்ட் கதை கடைத்தெருவரைக்கும் போய்விட்டது, மளிகைக் கடைக்காரர் எனக்கு ஒரு உருளை பெப்பர்மின்ட்டைச் சும்மாவே கொடுத்து, ஆரெண்டுக்குக் கொடுங்க, பாதுகாப்பா இருக்கட்டும் என்றார். அப்பா மட்டும் சரியாக இல்லை. சாப்பிட்டார், வேலை செய்தார், ஆனால் ஜெபத்தில் உன் பெயர் வரும் இடத்தில் நிறுத்துகிற மாதிரி இப்போது தன் பெயரிலும் நிறுத்தத் தொடங்கினார். சூப் ஆறும் நேரம் இரட்டிப்பானது. பிறகு ஒரு நாள் காலையில் பால் கறக்கும்போது, நான் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன், மாட்டின் அந்தப் பக்கத்திலிருந்து, மிட்டாய் கரைஞ்சிருச்சு லெனோர் என்றார். எந்த மிட்டாய் என்றேன். அன்னைக்கு. அண்ணன் நடுவில நின்னாரே, அப்பவே கரைஞ்சிருச்சு, மேசைக்குப் போறப்ப வாயில ஒண்ணுமே இல்ல. நான் நடைமுறையாகத்தான் பதில் சொன்னேன், அதை இனிமே யாரும் கேக்கப்போறதில்ல, டெக்கர் திருப்தியா போயிட்டாரே என்றேன். ஆமா, அவர் திருப்தியா போயிட்டார் என்று அதையே திரும்பச் சொன்னார். மிச்ச மாடுகளையும் கறந்து முடித்தார், எதையும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு சேற்று பூட்ஸோடு சமையலறைக்குள் வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. நேராகப் போனை எடுத்தார். டெக்கர், ஆரெண்ட் பேசறேன், அன்னைக்கு என் வாயில மிட்டாய் இல்ல, நான் சொன்னது பொய், எனக்கு வேணும்னுதான் எடுத்தேன், வாய்க்குக் கொண்டுபோகப் பயமா இருந்துச்சு என்றார். அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். இல்ல, பயம் போகல என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டார். டீக்கனை அனுப்ப வேண்டாம் என்றார். பெரியப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டிக்கு ஜாம் தடவ முயன்றுகொண்டிருந்தார், கத்தியைக் கீழே வைத்துவிட்டார். டெக்கர் கடைசியில் என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். போதகர்கிட்ட இதைச் சொல்லணும், மார்ச்சுக்குள்ள மறுபடி வந்து பேசுவோம்னார், அப்புறம் உங்க பக்கம் சேறு எப்படி இருக்குன்னு கேட்டார் என்றார் அப்பா. தரையைத் துடைக்கும் துணியை அவரே எடுத்தார்.

உன் கேள்விக்கு என் பதில், ஆமாம், பயந்துகொண்டுதான் இருக்கிறார், முன்பைவிடக் குறைவாக ஒன்றும் இல்லை. ஆனால் நான் இவ்வளவு காலம் அந்தப் பயத்தை எதற்கான பயம் என்று நினைத்தேனோ அது சரியா என்று இப்போது எனக்கு உறுதியில்லை. மூப்பர்களுக்கும் ஊருக்கும் பயப்படுகிற பயம்தான், கடவுள் பெயரைச் சட்டை மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது என் முடிவாக இருந்தது. அப்படியானால் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார். யாராலும் கண்டுபிடிக்க முடியாத பொய், எல்லாருக்கும் வசதியான பொய், மூப்பரே கையெழுத்துப் போட்ட மாதிரி ஏற்றுக்கொண்ட பொய், அதன்மேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. டெக்கருக்கு முன்னால் வெட்கப்படுவதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று அவருக்கு இருக்கிறது, அது இருப்பதால் டெக்கர் சின்னதாகிவிட்டார். நான் அதை நம்புகிறேனா என்பது வேறு விஷயம். மண்ணைச் சோதித்து அறிக்கை எழுதுகிறவள், பார்த்ததை எழுதுகிறேன். அதே பயம் எத்தனை பேரைச் சாகும்வரை பெஞ்சிலேயே உட்காரவைத்தது என்பதையும் பார்த்திருக்கிறேன், உனக்குப் பதினாலு வயதில் ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறேன், அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. இரண்டும் ஒரே பயம்தானா, வேறு வேறா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெரியப்பாவைக் கேட்டால், தாண்டறதுக்கு முன்னால காலை வைக்க ஒரு ஆள் வேணும் என்பார், அவருக்கு எல்லாவற்றுக்கும் கால்தான் உதாரணம்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நேற்று பாத்திரம் துடைத்துக்கொண்டே அப்பா என்னிடம், மரீகா முதல் தடவை சாப்பிட்டப்ப பயந்தாளா என்று கேட்டார். எனக்குத் தெரியாது, அவளையே கேளுங்க என்றேன். இந்த வீட்டுல சாப்பிட்டவ அவ ஒருத்திதானே, அண்ணனைத் தவிர என்றார், ஏதோ ஒரு வேலையைப் பற்றி அனுபவம் உள்ளவரிடம் விசாரிக்க வேண்டும் என்பது போல. கிறிஸ்துமஸுக்கு முந்தின திங்கட்கிழமை, உனக்கு அது செவ்வாய் காலையாக இருக்கும், அதற்குள் இந்தப் பார்சலும் வந்து சேர்ந்திருக்கும், அவர் போன் செய்வார். பால் விலையில் தொடங்குவார், காரைப் பற்றிக் கேட்பார், அவசரப்படுத்தாதே, கேள்வி அதற்குப் பிறகு வரும். அன்று நீ சொன்னபடி, எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன், அவ்வளவுதான் என்பது உண்மையென்றால் அதையே சொல், அவர் தாங்கிக்கொள்வார். அன்று நீ சிரித்தது வேறு எதையோ மூடுவதற்காக என்றால், எனக்கு அப்போதே அப்படித்தான் தோன்றியது, அதையும் சொல். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எதையும் கூட்டிச் சொல்லாதே. அப்படிச் சொல்லப்பட்ட ஒன்றைத் திரும்ப வாங்குவதற்கு இந்த வீட்டில் என்ன பாடு என்று பார்த்துவிட்டேன்.

கேலமுக்கு என் அன்பு, அவன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது. ஆசீர்வாதம் சொல்லும் உரிமை என்னைப் போன்றவளுக்கு எவ்வளவு உண்டு என்று தெரியவில்லை, இருந்தாலும் நீ நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு, உங்கள் இருவர்மேலும் நல்லதே இறங்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதம் தினம் சாப்பாட்டு நேரத்தில் உனக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, சூப் சாட்சி. கார் பிரேக்கை இந்த மாதமே காட்டிவிடு. அந்தச் செவ்வாய் காலை போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

ரொட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது, கல்லாகிவிட்டது. எலி தொடக் கூடாது என்று அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நான்தான் வைத்தேன். ஏன் என்று நீ கேட்காதே, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

உன் அம்மா,
லெனோர்